சிரிப்புக்கு அடியில் பேசியவர்

அப்பா கனவில் வந்தார் என்று அம்மா சொன்னாள். வந்தது சரி. பேசியது பொம்மையின் குரலில்.

"கட்டில் ஓரத்துல உக்காந்தார்டி. ஏங்க, ஒரு வார்த்தை சொல்லாம இப்படிப் போயிட்டீங்களேன்னு கேட்டேன். மேனேஜர் குரல்ல பதில் சொல்றார்."

"என்னன்னு?"

"'லீவெல்லாம் கிடையாது, போய் வேலையைப் பாருங்க'ன்னு."

மேனேஜர் என்பது அப்பாவின் மரப்பொம்மை. கண்ணாடி போட்டது, கழுத்துப்பட்டை கட்டியது, யாருக்கும் விடுமுறை தராதது. நானும் அம்மாவும் சிரித்துவிட்டோம். அப்பா இறந்தபின் அந்தச் சமையலறையில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அவரோட சொந்தக் குரல் எப்படி இருக்கும்? சொல்லேன். எனக்கு வரவே மாட்டேங்குது."

சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கும் வரவில்லை.

அவர் மேடையில் போடும் குரல்கள்தான் வந்தன. போலீஸ்காரர் வந்தார். கிளி வந்தது. வானிலை வாசிக்கும் பெண் வந்தாள். ஜலதோஷம் பிடித்த நீதிபதி வந்தார். அப்பா வரவில்லை.

சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளப்பது என் வேலை. பம்பு, டர்பைன், கம்ப்ரஸர். சத்தத்தில் எது எந்த உறுப்பிலிருந்து வருகிறது என்று பிரித்துச் சொன்னால்தான் எனக்குச் சம்பளம். அப்பாவின் குரலைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்க மைக் முன்னால் நின்றவர். எங்காவது இல்லாமல் போகுமா?

மேடையில் அவர் பெயர் ரப்பர். முகத்தை எந்தப் பக்கம் இழுத்தாலும் போகும், விட்டால் திரும்ப வரும். முதலில் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டினார். உணவுக்கூடத்தில் மேற்பார்வையாளரின் இருமலை இருமிக் காட்டிக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளர் பின்னாலேயே நின்றிருந்தார். திட்டவில்லை. ஆண்டு விழாவில் செய்யச் சொன்னார். அப்பா மேலிருந்து கீழ்வரை எல்லா அதிகாரிகளையும் செய்தார். அரங்கமே அதிர்ந்தது. அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிட்டார்கள்.

"ஒரே நாள்ல கைதட்டலும் வாங்கினேன், கல்தாவும் வாங்கினேன்" என்பார். "கலைஞனுக்கு வேற என்ன வேணும்?"

அதன்பின் விளம்பர வண்டி. பல்பொடிக்காகத் தெருத் தெருவாகப் போனார். ஒலிபெருக்கியில் கணவனும் மனைவியும் சண்டை போடுவார்கள், மாமியார் வந்து பல்பொடி கொடுத்துத் தீர்த்து வைப்பாள். மூன்று பேரும் அவர்தான். மாமியாரைப் பார்க்க வேண்டும் என்று பெண்கள் வண்டியைச் சூழ்ந்துகொள்வார்களாம். மீசையோடு ஒருவர் இறங்கி வணக்கம் சொல்லியிருக்கிறார்.

அம்மா அப்போது ஒரு பெரிய மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பாளர். நோயாளிகளை மகிழ்விக்க வந்த இடத்தில் அப்பா அவளைப் பார்த்தார். மறுநாளிலிருந்து டாக்டராக, மருந்துக் கம்பெனிக்காரராக, காது கேளாத முதியவராக அழைத்துப் பேசினார். ஒவ்வொரு தடவையும் அம்மா சொல்வது ஒன்றுதான். "ரப்பர் சார், லைனை விடுங்க. நிஜமான நோயாளிங்க காத்திருக்காங்க." எப்படிக் கண்டுபிடித்தாள் என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை. அம்மா சொல்லவும் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு கிடைத்ததையெல்லாம் செய்தார். பொம்மைப் பேச்சு. சீட்டு வித்தை. விரல்களால் சுவரில் நிழல் முயல். கம்பெனி விழாக்களில் தொகுப்பாளர். பாட்டுக்காரர் வராவிட்டால் பாட்டு, ஆட்டக்காரர் வராவிட்டால் முட்டி வலியோடு ஆட்டம். குழந்தைகளுக்கான பொம்மைப் படங்களில் கழுதை, ஒழுகும் குழாய், இடி எல்லாவற்றுக்கும் குரல். 'கதவு மூடுகிறது' என்று ஒரு வணிக வளாகத்தின் மின்தூக்கியில் சொன்னவரும் அவரே. அது மிகவும் கண்ணியமான குரல். அவர் போனபின் நானும் அம்மாவும் அங்கே போய் ஒரு மதியம் முழுக்க மேலும் கீழும் போனோம். கண்ணியம்தான் கேட்டது. அப்பா கேட்கவில்லை.

ஒரு தடவை தொலைக்காட்சிக்குக் கூப்பிட்டார்கள். தேர்வு செய்தவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட எல்லாரும் இருக்காங்க சார். நீங்க மட்டும் இல்லை" என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து அந்த ஆளையே நடித்துக் காட்டினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதிலிருந்து பேனாவைச் சொடுக்குவதுவரை. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் சொந்தக் குரலில்தான் பேசினார். உப்பு கேட்டார், செருப்பைத் தேடினார், என் கணக்குப் பாடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அதையெல்லாம் யார் பதிவு செய்கிறார்கள்? யாராவது கேமராவை எடுத்தாலோ தொலைபேசியை நீட்டினாலோ ரப்பர் வந்துவிடுவார். அவர் எனக்கு அனுப்பிய குரல் செய்திகள் எல்லாவற்றையும் வைத்திருக்கிறேன். ஒன்று இன்ஸ்பெக்டர் குரலில்: "இன்ஜினியர் மேடம், உங்க வீட்ல ஒரு வயசானவர் மாத்திரை சாப்பிட மறுக்கிறார்னு புகார் வந்திருக்கு. நேர்ல வந்து விசாரிக்கவும்." இன்னொன்று கிளி. மீதி எல்லாம் மேனேஜர். என் பிறந்தநாள் வாழ்த்து உட்பட.

மைக் சோதனையில் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. எந்தக் குரலில் பேசப் போகிறாரோ அந்தக் குரலிலேயே மைக்கையும் சோதிப்பாராம். அளவு சரியாக வைக்க அதுதான் முறை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

அலமாரியில் இருந்த ஒலிநாடாக்களையெல்லாம் கேட்டு முடித்தபின் தூண் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். அப்பாவின் மேடை ஜோடி. நெடு நெடுவென்று அசையாமல் நிற்பார். ரப்பர் அவரைச் சுற்றிச் சுற்றி வருவார். இருவரும் உறவினர் இல்லை. நான் பேசத் தொடங்கியதிலிருந்து அவர் சித்தப்பா.

இப்போது ஒரு செருப்புக் கடையில் வேலை. சுவர் முழுக்கப் பெட்டிகள். தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து ஒருவர் காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கடிக்குதே" என்றார் அந்த ஆள்.

"புதுசு சார். பழகினா விட்டுடும். என் மாமனாரும் அப்படித்தான்."

வாங்கிக்கொண்டு போனார். சித்தப்பா என்னைப் பார்த்ததும் முக்காலியைத் துடைத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பெட்டிகளுக்குள் மெல்லிய தாளை மடித்து வைத்தார்.

"சொந்தக் குரல்ல அண்ணன் மேடையிலதான் நிறையப் பேசினார் பாப்பா."

"மேடையிலயா?"

"சிரிப்புக்கு அடியில. ஜனம் சிரிக்கிற அந்த நேரம் இருக்கே, அதுல எங்களுக்கு வேலை இல்லை. நிக்கணும், அவ்வளவுதான். அப்போ உதட்டை அசைக்காம என்கிட்ட பேசுவார். பொம்மைக்காரராச்சே, உதடு எதுக்கு அவருக்கு? 'அவசரப்படாத.' 'மூணாவது வரிசையில ஒரு அம்மா சிரிக்கல, இப்ப பாரு.' 'உன் ஜிப்பைப் பாரு.' அடுத்த வசனம் எனக்கு மறந்துட்டா அதையும் சொல்லிடுவார். சிரிப்பு அடங்கறதுக்குள்ள முடிச்சிடுவார். வெளியில ஒருத்தருக்கும் தெரியாது."

"வேற என்ன பேசுவார்?"

"எல்லாம்தான். 'பாப்பா பாஸ் பண்ணிட்டாடா'ன்னு ஒரு நாள் சொன்னார். நான் மேடையில அழுமூஞ்சி வேஷத்துல நிக்கறேன். சிரிச்சுத் தொலைச்சுட்டேன்."

வீட்டுக்குத் திரும்பி ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றினேன். எங்கே தேட வேண்டும் என்று இப்போது தெரியும். ஒவ்வொரு சிரிப்பின் அடியிலும் ஏதோ இருந்தது. ஒரு முணுமுணுப்பு, ஒரு தடம்.

என் வேலையில் ஒரு வசதி உண்டு. பேரிங் பழுதானால் ஒழுங்காகத் தட்டும். மோட்டாரும் ஒழுங்காக முனகும். ஒழுங்கான இரண்டைப் பிரித்துவிடலாம். சிரிப்பில் ஒழுங்கு இல்லை. அதுவும் மனிதத் தொண்டையிலிருந்து வருவதுதான். பேச்சு எந்த அதிர்வெண்களில் இருக்கிறதோ அங்கேயேதான் சிரிப்பும் இருக்கிறது. சிரிப்பை அறுத்தால் அப்பாவும் அறுபட்டார். அலுவலகத்தின் நல்ல மென்பொருளைப் பயன்படுத்தினேன். அனுமதி கேட்டுத்தான். என் மேலதிகாரி என்னவென்று கேட்டார். பழைய இயந்திரம் ஒன்று என்றேன்.

கடைசியில் கிடைத்தவை: "...டா", "இரு இரு", "...பாரு". அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"தண்ணிக்குள்ள இருந்து யாரோ கூப்பிடற மாதிரி இருக்கு."

"இன்னும் கொஞ்சம் சுத்தம் பண்ணலாம்மா."

"வேணாம். நீ சுத்தம் பண்ணப் பண்ண அவர் தூரமாப் போறார்."

அன்று ஒன்று கவனித்தேன். அம்மா கீரை ஆய்ந்தபடி தனக்குத்தானே வாயசைத்துக்கொண்டிருந்தாள். சின்னச் சின்னச் சொற்கள். 'வந்துட்டேன்', 'சாவி எங்க', 'என்ன சமையல்'. அவர் சொல்லும் சொற்கள். ஒவ்வொன்றையும் சொல்லிப் பார்த்து, குரலைத் தாழ்த்திப் பார்த்து, தலையை ஆட்டி விட்டுவிட்டாள். மருத்துவமனையில் ஆயிரம் குரல்களைப் பிரித்து அனுப்பியவள். ஒரே குரலுக்குத் தொண்டையில் துழாவிக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

இரைச்சலை நீக்க முடியாவிட்டால், இரைச்சல் இல்லாத அளவீட்டைத் தேட வேண்டும். இது எங்கள் வேலையில் முதலாண்டில் சொல்லித் தரும் பாடம். சிரிப்புதான் இரைச்சல் என்றால் தேட வேண்டியது எது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுபடி செருப்புக் கடைக்குப் போனேன்.

"சித்தப்பா, யாருமே சிரிக்காத ஷோ ஏதாவது இருக்கா?"

அவர் முகம் சுருங்கியது. "எங்க ஷோவுலயா? யாருகிட்ட வந்து என்ன கேக்கற? கல்லுக்குச் சொன்னாக்கூட கல்லு சிரிக்கும்."

"தெரியும். ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் போதும்."

ஏணியில் ஏறி மேல்தட்டுப் பெட்டிகளை அடுக்கினார். அடுக்கியிருந்தவற்றையே மறுபடி அடுக்கினார். கீழே இறங்கவில்லை. மேலிருந்தே பேசினார்.

"ஒரு தொழிற்சாலை. ஆண்டு விழான்னு கூப்பிட்டாங்க. ஹால் நிறைய ஆளுங்க. அன்னைக்குக் காலையிலதான் ஆலையை மூடப் போறோம்னு அவங்ககிட்ட சொல்லியிருக்காங்க. எங்ககிட்ட யாரும் சொல்லல. விழாவை நிறுத்தவும் ஆலைக்காரங்களுக்குத் தோணல. நாங்க பாட்டுக்கு ஏறிட்டோம்."

"அப்புறம்?"

"முதல் ஜோக்கு. ஒரு சத்தம் இல்ல. மைக் செத்துப்போச்சுன்னு நினைச்சுட்டேன். அடுத்ததைக் கத்திச் சொன்னேன். அப்பவும் இல்ல. இதுல கொடுமை என்னன்னா, சிரிப்பு வர வேண்டிய இடம் வந்தா அண்ணன் பழக்கத்துல என்கிட்ட பேசறார். அடியில பேசறதா நினைச்சுப் பேசறார். மேல சிரிப்பே இல்ல. அத்தனையும் மைக்ல போகுது. எங்க ரெண்டு பேருக்கும் அது உறைக்கவே இல்ல. ஹால் பூரா கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. அதுக்கும் யாரும் சிரிக்கல."

"பதிவு இருக்கா?"

"மைக் பொட்டியில இருந்தே நேரா பிடிச்ச கேசட். ஹால்காரர் கொடுத்தார். அண்ணன் அழிச்சிடுன்னார். அவர் சொல்லி நான் கேட்காத விஷயம் அது ஒண்ணுதான்." ஒரு பெட்டியைத் திருப்பி வைத்தார். "அதைக் கேக்காத பாப்பா. நாங்க தோத்தது அதுல இருக்கு. அண்ணனை நீ அப்படிக் கேக்கக் கூடாது."

"அப்பா ஜெயிச்சதெல்லாம் கேட்டுட்டேன் சித்தப்பா. அதுல அவர் இல்லை. அம்மாவுக்குக் கனவுல மேனேஜர்தான் வர்றார்."

அவர் ஏணிமேலேயே நின்றார். கடைக்குள் ஒரு பெண் குழந்தையோடு நுழைந்து, "பள்ளிக்கூட ஷூ இருக்கா?" என்றாள். "இருக்கும்மா, உக்காருங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். குழந்தையின் காலை அளந்து, ஷூவை மாட்டி, நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டு அனுப்பும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு வந்தார். சட்டைப்பையில் கேசட். அம்மா, "வாங்க தம்பி, இளைச்சுட்டீங்க" என்றாள்.

"நான் எங்க அண்ணி இளைச்சேன்? பக்கத்துல அண்ணன் இல்ல. அதான் அப்படித் தெரியுது."

உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை. கேசட்டை என் கையில் கொடுத்துவிட்டு வாசலில் போய்ச் செருப்பை மாட்டாமல் நின்றுகொண்டார். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

பழைய கேசட் கருவியை மேசைமேல் வைத்து அழுத்தினேன். ஒரு வரவேற்புரை. தயக்கமான கைதட்டல். பிறகு மேனேஜர். "எல்லாரும் வந்தாச்சா? யாருக்கும் லீவ் கிடையாது!" சித்தப்பாவின் பதில் வசனம். அங்கே சிரிப்பு வர வேண்டும்.

வரவில்லை. ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அப்போது அப்பா பேசினார்.

"விடு. அடுத்ததுக்குப் போ."

நான் நினைத்து வைத்திருந்ததைவிடத் தாழ்ந்த குரல். கொஞ்சம் கரகரப்பு. சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கும் பழக்கம். அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மைக் போச்சுண்ணே."

"மைக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நீ போ, நான் இருக்கேன்ல."

மேனேஜர் இன்னொரு ஜோக் சொன்னார். மறுபடி மௌனம். மறுபடி அவர்.

"கை ஆடுது பாரு. என் தோளைப் பிடிச்சுக்கோ. வேஷம்னு நினைச்சுப்பாங்க."

கிளி. மௌனம்.

"என்னவோ நடந்திருக்குடா இங்க. மூஞ்சிங்களைப் பாரு. யாரையும் கிண்டல் பண்ணாத. பாட்டுப் பக்கம் போயிடலாம்."

ஒவ்வொரு மௌனத்திலும் அவர் இருந்தார். எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவ்வளவு அருகில் இருந்தார். வாசலில் சித்தப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

பாட்டு பாதியில் நின்றது. மூச்சு வாங்கும் சத்தம். கோட்டுத் துணி மைக்கில் உரசியது.

"ஐயோ, என்னமா வேர்க்குது" என்றார் அப்பா. "யாராவது அந்த ஃபேனைப் போட்டாத் தேவலை."

அம்மா எழுந்து போய்ச் சுவிட்சைத் தட்டினாள்.

விசிறி மெதுவாகச் சுழலத் தொடங்கியது. ஒரு இறக்கையில் லேசான தள்ளாட்டம் இருந்தது. அம்மா கையைச் சுவிட்சிலிருந்து எடுக்காமலே, மேசையைப் பார்த்து, கோபமாகச் சொன்னாள்:

"அந்தக் கோட்டைக் கழட்டிட்டுப் பேசுங்கன்னா கேட்டாத்தானே?"

ஒலிநாடாவில் மேனேஜர் திரும்ப வந்து எல்லோருக்கும் நன்றி சொல்லத் தொடங்கினார்.

"அது வேணாம்டி" என்றாள் அம்மா. "பின்னாடி ஓட்டு."